வெங்காயக் கப்பலின் பாய்மரத்தடி

நான் ஒரு மொக்கன். இதை முதலே சொல்லிவிட்டால் வாசிக்கிற உங்களுக்கும் சுகம், எழுதுகிற எனக்கும் சுகம். என்னைவிடப் பெரிய மொக்கர்கள் ஊரில் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவராவது தன் மொக்குத்தனத்தை அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாக அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. நான் அனுப்பினேன்.

தொண்ணூற்றுநாலில் நான் சுன்னாகத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சர். யுத்தம், பொருளாதாரத் தடை. கடையில் சீனி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. குளிக்கிற சவர்க்காரம் எப்போதாவது வரும். வந்த அன்றே முடியும். நிரந்தரமாக இருந்தவை ஒரு தராசும் நானும். தராசு பேசாமல் இருந்தது. நான் இருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போகிற சனத்துக்கு சிரிக்க ஒரு பகிடியாவது கொடுத்தனுப்புவேன். அது பழக்கமாகி, கொப்பித் தாளில் அச்சடித்து வந்த ஒரு சின்னப் பத்திரிகைக்குக் கிழமைக்கு அரைப் பக்கம் பகிடி எழுதுகிற அளவுக்கு முற்றிவிட்டது.

எழுதுவது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் பஞ்சை அடைத்து ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டால் போதும். பஞ்சுக்கு மேல் திரியைப் பிடிக்க வைக்கிற தகரம் துருப்பிடித்து உடைந்துவிடும். அதனால் என் விளக்கில் தகரத்துக்குப் பதிலாக ஒரு பழைய செப்புச் சதக்குற்றி, ஒரு சத நாணயம். நடுவில் ஓட்டை போட்டுச் சைக்கிள் வால்வுக் குழாயைச் செருகி, அதற்குள்ளால் திரியை விட்டிருந்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட மிகச் சில வேலைகளில் அது ஒன்று.

ஒரு கிழமை எழுத ஒன்றும் அகப்படவில்லை. வெங்காயக் கப்பலை எழுதினேன்.

வெங்காயக் கப்பலை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. உடுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில், கடலில் இருந்து ஐந்து மைல் உள்ளே, ஒரு வெங்காயத் தோட்டக்காரர் தன் வளவுக்குள் கட்டிய கப்பல் அது. நான் அரைக் காற்சட்டை போட்ட காலத்துக் கதை. வெங்காயம் ஏற்றுவதற்குக் கப்பல்காரர் கூலியைக் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். வேறொருவர் என்றால் கோட்டுக்கு வழக்காடப் போயிருப்பார். இவர் கோபத்தில் கப்பல் கட்டினார். கடலில் கால் நனைத்தாலே தலைசுற்றுகிற மனிதன்.

வடமராட்சியில் இருந்து ஒரு ஓடாவியாரை, அதாவது தோணி, கப்பல் கட்டுகிற ஆசாரியை, கூட்டிவந்தார். ஓடாவியார் ஒரு கணக்குச் சொன்னால் தோட்டக்காரர் இன்னொன்று சொல்வார். வெங்காயத்துக்குக் காற்றுப் படவேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும் என்பது அவருடைய கட்சி. கப்பலுக்குள் காற்றுப் போனால் தண்ணீரும் போகும் என்பது ஓடாவியாருடைய கட்சி. கடைசியில் இரண்டு கட்சியும் வென்றன. கீழே இலுப்பை மரத்தில் கப்பல். மேலே பனையோலை வேய்ந்து, சிலாகை அடித்த வெங்காயக் கொட்டில். கொட்டிலின் கூரையைப் பிளந்துகொண்டு ஒற்றைப் பாய்மரம். நேராகப் போகாது, நண்டு மாதிரிச் சரிந்து சரிந்து போகும் என்று அதை ஓட்டியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

கட்டி முடித்த பிறகுதான் ஒருவருக்கு ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. கப்பல் ஒழுங்கையைவிட அகலம்.

கடற்கரை வரைக்கும் இரண்டு பக்கத்து வேலிகளையும் பிடுங்க வேண்டியதாயிற்று. பனங்குற்றிகளை உருட்டி, மாடு பூட்டி, ஊர் கூடி இழுத்தது. மேளம் அடித்தார்கள், வாழை கட்டினார்கள், வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். கப்பல் போன பிறகு பிடுங்கிய வேலிக் கதியால்களை அவரவர் திரும்ப நட்டார்கள். நட்டபோது ஒவ்வொரு வேலியும் பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் நடந்திருந்தது. அந்த வழக்குகளில் சில கப்பலைவிட நீண்ட காலம் ஓடின.

இதெல்லாம் எழுதினேன். சிரிப்பாகத்தான் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மொக்கன் இல்லை. அரைப் பக்கம் நிரம்ப இன்னும் இரண்டு வரி தேவைப்பட்டது. தோட்டக்காரரின் பெண்சாதி அந்த ஓடாவியாரின் மகள். தகப்பனுக்குச் சோறு கொண்டுவந்தவர், கப்பல் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் துண்டும் மட்டும். தாலி எங்கே என்று கேட்டால், கப்பலின் பாய்மரத்துக்கு அடியில் என்பார். சலூனில் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. நான் எழுதினேன்: ‘ஊர் கூடி, மேளம் அடித்து, வாழை கட்டி, கண்ணால் கண்ட கலியாணம் கப்பலுக்கு நடந்தது. பெண்சாதிக்கு நடந்ததைக் கண்டவர் இருந்தால் சங்கக்கடைக்கு வரவும், ஒரு சவர்க்காரம் இனாம்.’

ஊரே சிரித்தது. மூன்று பேர் சவர்க்காரம் கேட்டு வந்தார்கள். களவு போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

நாலாம் நாள் அந்த அம்மா ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார்.

போனேன். பெரிய கல்வீடு. நடு அறையில் தோட்டக்காரர் பாரிசவாதம் விழுந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒரு வருஷமாகப் பேச்சில்லை. கட்டிலோடு ஒரு கதிரையில் அம்மா. எழுபது வயது இருக்கும். நிமிர்ந்த முதுகு.

“நீர்தானே பேப்பரிலை எழுதுற மனேச்சர்?”

“ஓம் அம்மா.”

“இரும். நீர் எழுதினதை இவருக்கு வாசிச்சுக் காட்டினனான். சிரிச்சவர்.”

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “சிரிச்சவரோ?”

“இந்த முகத்திலை சிரிப்பும் அழுகையும் ஒரேமாதிரித்தான் தம்பி. நான் சிரிப்பெண்டு வைச்சுக்கொண்டன்.”

வந்த தைரியம் வந்த வழியே போனது.

“இவரின்ரை தமையன்ரை பெடியள் அதைக் கத்தரிச்சு வைச்சிருக்கினம்,” என்றார். “எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இவர் கண்ணை மூடினால் என்னைத் தலைமாட்டிலை இருக்க விடமாட்டினம். ஓடாவியின்ரை மோள், சமைக்க வந்தவள் எண்டுதான் சொல்லுவினம். பிறகு இந்த வீட்டிலையும் விடமாட்டினம். வீடு போனால் போகட்டும். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தின மனிசனுக்குப் பக்கத்திலை நான் ஆர் எண்டு இருக்கிறது?”

கலியாணம் எங்கே நடந்தது, யார் கண்டது என்று கேட்டேன்.

“ஓடாவி வேலை செய்த என்ரை அப்புவின்ரை கொட்டில்லை வைச்சுத் தாலி கட்டினவர். கண்டது நாலு வேலைக்காரர். நாலு பேரும் செத்துப்போச்சினம், அப்புவும் போய்ச் சேர்ந்தார். பதிவு கிதிவு ஒண்டுமில்லை. ஒரு கிழமையாலை கரையிலை வைச்சுப் பாய்மரம் நாட்டினவை. நாட்டேக்கை அடிக்கட்டைக் குழியிலை பொன் வைக்கவேணும். பொன் இல்லாமல் மரம் நாட்டமாட்டன் எண்டு அப்பு ஒற்றைக் காலிலை நிண்டார். இவரிட்டை ஒரு குண்டுமணி பொன் இல்லை, எல்லாம் கப்பலுக்கை போட்டுது. நான் கழட்டிக் குடுத்தன்.”

“வைக்கிறதைக் கண்டனீங்களோ அம்மா?”

“சொந்தக்காரன் பொன் வைக்கேக்கை ஒருத்தரும் பார்க்கக் கூடாது. எல்லாரும் கடலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டனாங்கள். அதுதான் முறை.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “சிவப்புப் பட்டுத்துணியிலை சுத்தினது. தாலியிலை இவரின்ரை பேரின்ரை முதலெழுத்து வெட்டிக் கிடக்கு. கப்பல் எங்கை எண்டு கண்டுபிடியும். எழுதத் தெரிஞ்ச உமக்குத் தேடவும் தெரியும்தானே? இவருக்கு மூச்சு இருக்கேக்கை கொண்டுவாரும். போனாப்பிறகு கொண்டுவந்து பிரயோசனமில்லை.”

கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே சைக்கிளை எடுத்தேன். வடமராட்சிக் கரையில் அந்தக் கப்பலின் பழைய தண்டையல், கப்பலை ஓட்டிய ஆள், உயிரோடு இருந்தார். எண்பத்துமூன்றுக்குப் பிறகு கடலில் பாயைக் கண்டாலே நேவி சுடுகிற காலம் வந்துவிட, கப்பலை ஓடாவியாரின் ஊர்க் கரைக்குக் கொண்டுவந்து மணலில் ஏற்றியிருக்கிறார்கள். தோட்டக்காரர் இரண்டு தரம் வந்து பார்த்தாராம். மூன்றாம் தரம் வரப் பாதை இருக்கவில்லை.

“அங்கைதான் கிடந்தது,” என்று தண்டையல் கையை நீட்டினார். அங்கே மணல் கிடந்தது.

“இப்ப எங்கை ஐயா?”

“ஆர் கேட்கிறது? வீட்டுக்காரரோ, விறகுக்காரரோ?”

“வீட்டுக்காரர்.”

“அப்ப எனக்குத் தெரியாது.” பிறகு சிரித்தார். “எண்பத்தேழிலை ஒரு செல் கொட்டிலுக்கு மேலாலை வந்து கீழாலை போனது, வெடிக்கேல்லை. இருபது வருஷம் நேராய்ப் போகாத கப்பலுக்குள்ளாலை அது ஒண்டுதான் நேராய்ப் போனது. பிறகு பங்கர் வெட்டேக்கை ஆளாளுக்கு மேல் பலகையைக் கழட்டினவை. பாய்மரம் அந்தா அந்தப் பங்கருக்கு மேலை கிடக்கு. நான்தான் போட்டனான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மரம். உயிரோடை இருக்கிறன்.”

“அடிக்கட்டை?”

“அடிப்பக்கத்தைக் குருநகர்ப் பெட்டிக்காரன் வந்து ஏத்திக்கொண்டு போனவன். தொண்ணூறிலை. அவனுக்கு அப்ப வியாபாரம் மும்முரம்.”

என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை. குருநகரில் போய் நின்றபோது கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒழுங்கையில், தகரக் கொட்டிலுக்குக் கீழே, மூன்று சவப்பெட்டிகள் ஆட்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. பெட்டிக்காரர் வெற்றிலை போட்ட வாயோடு எழும்பி, என்னைத் தலையில் இருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். அளவெடுக்கிற பார்வை. தொழில் பழக்கம் போலும்.

“ஆருக்கு?”

“ஒருத்தருக்கும் இல்லை. ஒரு கப்பலைத் தேடி வந்தனான்.”

சங்கதியைச் சொன்னேன். மனிதனுக்குச் சந்தோசம். “ஓ, அந்த வெங்காய நாத்தம் பிடிச்சதோ? அருமையான பலகை தம்பி. தொண்ணூறு, தொண்ணூற்றொண்டிலை பலகைக்கு நான் எங்கை போவன்? சனம் பாயிலை சுத்திக்கொண்டு வந்து நிக்குது. அந்தக் கப்பல்தான் கைகொடுத்தது. கடல்லை ஓடேக்கை போனதைவிட என்னட்டை வந்தாப்பிறகுதான் அதிலை கனபேர் போனவை.” என் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடித்தார்: “ஒருத்தரும் வாந்தி எடுக்கேல்லை.”

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்றால் எனக்கு அடக்கத் தெரியாது. அவருக்கும் அது பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் சொன்னார்.

“கப்பல் பலகையெண்டால் கட்டையும் நெட்டையுமாய்த்தானே கிடக்கும், வீணாப் போகும் எண்டு பயந்தனான். ஒரு துண்டும் வீணாப் போகேல்லை. அந்த வருசம் சின்னப் பெட்டியள் கனக்க அடிச்சனான்.”

அதற்கும் என் வாய் முதலில் சிரிப்புக்குத்தான் திறந்தது. திறந்த வாயை மூடக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சீவுளியை எடுத்தார்.

“பாய்மரம் நிக்கிற அடிக்கட்டை ஒண்டு இருந்ததே?” என்று மெல்லக் கேட்டேன். “நடுவிலை குழி வெட்டினது.”

“அது மரமில்லை, இரும்பு. என்ரை வாளிலை ரண்டு பல்லு முறிஞ்சது. சீ போ எண்டு விறகுக்கு விட்டிட்டன். உங்கடை சுன்னாகச் சந்தையடி வண்டில்காரன், காது கொஞ்சம் கேளாதவன், அவன்தான் கொண்டுபோனவன்.”

அந்த வண்டில்காரர் ஒவ்வொரு நாளும் என் கடைக்கு முன்னால்தான் மாட்டை அவிழ்ப்பார். ஒன்றரை மாதம் செல்லுக்கும் பொம்மர் விமானத்துக்கும் ஒளித்து ஒளித்துக் குடாநாட்டைச் சுற்றிவந்து, என் கடை வாசலிலேயே இறங்கினேன்.

“அண்ணை!” என்று அவர் காதுக்குள் கத்தினேன். “தொண்ணூற்றொண்டிலை குருநகரிலை இருந்து ஒரு பெரிய கட்டை ஏத்தினனீங்களோ?”

“குழி வெட்டினதோ? மீன் நாத்தம்?”

“ஓம் ஓம்! அதை ஆருக்கு வித்தனீங்கள்?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டைப் பார்த்தார், மாடு ஏதாவது சொல்லும் என்பதுபோல. “மனேச்சர், காலமை வெள்ளன வந்து பகிடி விடாதேங்கோ.”

“பகிடி இல்லை அண்ணை, சத்தியமா.”

“உங்கடை வளவுக்குள்ளைதானே இறக்கினனான்! காலிலை போட்டுப் பெருவிரல் நகம் கழண்டு ஒரு மாதம் நொண்டினனீங்களே!”

குனிந்து பெருவிரலைப் பார்த்தேன். நகம் இன்றைக்கும் கோணல்தான்.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி குசினியில்.

“இஞ்சாருமப்பா, முந்தி ஒரு கட்டை கொத்தினனான். நினைவிருக்கோ?”

“அந்த மீன்கட்டையே?” என்றாள் திரும்பாமலே. “மறக்கேலுமே? பத்து நாள் எரிஞ்சது. சுறா எண்ணெய் ஊறின கட்டை. ஊரிலை மீன் கண்ணிலை காணாத நேரம் எங்கடை குசினியாலை மீன் வாசம் போகுது எண்டு முன்வீட்டு அக்கை சட்டியைத் திறந்து பார்த்தவ. உள்ளை கீரை.”

“கொத்தேக்கை உள்ளை ஏதும்...”

“ஏன், நீங்கள்தானே துள்ளினனீங்கள்! ஆப்பு வைச்சுப் பிளக்கேக்கை சிவப்புத் துணியிலை ஒரு பொட்டளி விழுந்தது. ‘புதையல் புதையல்’ எண்டு கத்தினனீங்கள். அவிழ்த்தால் ஒரு சதம்.”

“ஒரு சதம் மட்டுமோ?”

“ஒரே ஒரு சதம்.”

“அது எங்கை?”

அவள் அகப்பையால் என் எழுத்து மேசையைக் காட்டினாள்.

ஜாம் போத்தல் விளக்கு அங்கே இருந்தது. ஒரு சதம்தானே என்று கட்டையையும் துணியையும் அன்றைக்கே மறந்திருந்தேன். ராசா தலை போட்ட சதம். ராசாவின் கழுத்தில் நானே ஆணி வைத்துத் துளைத்திருந்தேன். மூன்று வருஷமாக அந்தச் சதம் பிடித்த திரியின் வெளிச்சத்தில்தான் எழுதி வந்தேன். அந்த அம்மாவைப் பற்றிய இரண்டு வரியையும்கூட.

கதிரையில் இருந்துவிட்டேன். பாய்மரத்தடியில் தாலி வைக்கப்படவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனிதன் ஒரு சதத்தை வைத்திருக்கிறார். தாலியைப் பாய்ச்சீலைக்கு விற்றாரோ, கயிற்றுக்கு விற்றாரோ. கேட்க வழியில்லை, அவருக்குப் பேச்சில்லை. ஒருவேளை நான் பிளப்பதற்கு முதலே வேறு யாரோ மாற்றியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் நாற்பது வருஷமாக அந்த அம்மா பிடித்துக்கொண்டு நின்ற ஒரேயொரு சாட்சியை நான் பத்து நாளில் கீரை அவித்துத் தீர்த்திருந்தேன்.

போய்ச் சொல்லவேண்டும். இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று எட்டு நாள் கடத்தினேன். கடையில் ஒரு சாமானும் இல்லாமல் எனக்கு அவ்வளவு வேலை வந்ததில்லை. ஒன்பதாம் நாள் தோட்டக்காரர் செத்துப்போனார்.

பொம்மர் வருவதற்கு முதல் எடுத்துவிட வேண்டும் என்று காலையிலேயே கிரியை. போனபோது முற்றம் நிறையச் சனம். பிரேதத்தின் தலைமாட்டில் தமையனின் மருமக்கள் இரண்டு பேர் இருந்து ஒப்பாரி வைத்தார்கள். அந்த அம்மாவைத் தேடினேன். குசினி வாசலில், தேத்தண்ணி ஊற்றுகிற பெண்களுக்குப் பக்கத்தில், ஒரு பலகைக் கட்டையில் நிமிர்ந்து இருந்தார். யாரும் கையைப் பிடித்து இருத்தியதாகத் தெரியவில்லை. எழும்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

பெரிய பெறாமகன், தமையனின் மூத்த மகன், எனக்குக் கதிரை போட்டார். “வாங்கோ மனேச்சர். நீங்கள் எழுதினது எங்களுக்குப் பெரிய உதவி. அது பேப்பரிலையே வந்திட்டுது எண்டு ஐயரிட்டையும் காட்டினனாங்கள்.” சட்டைப் பையில் இருந்து என் அரைப் பக்கத்தை எடுத்தார். நாலாக மடித்திருந்தது, பத்திரமாக.

நான் கதிரையில் இருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகிடி இல்லாத ஒன்றைச் சபையில் சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்.

“நான் எழுதினது பிழை,” என்றேன். “தாலி இருந்தது. நான் கண்டனான். கப்பலின்ரை அடிக்கட்டைக்குள்ளை, சிவப்புப் பட்டுத்துணியிலை சுத்தி. முதலெழுத்து வெட்டிக் கிடந்தது. என்ரை கையாலை எடுத்தனான்.”

 ஒப்பாரி நின்றது. குசினி வாசலில் அந்த அம்மா தலையை நிமிர்த்தியது தெரிந்தது. அந்த ஒரு கணம் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“இப்ப எங்கை அது?” என்று பெறாமகன் கேட்டார்.

இதை யோசித்துக்கொண்டு வந்திருக்கவேண்டும். மொக்கன் யோசிக்கவில்லை. “களவு போட்டுது,” என்றேன்.

பின்னால் இருந்து ஒரு குரல்: “சவர்க்காரம் களவு போன மாதிரியோ?”

ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர் வாயைத் துவாயால் பொத்தினார். “மனேச்சர், செத்தவீட்டிலையும் விடமாட்டீரே!” என்றார் எங்கள் சலூன்காரர், பெருமையாக.

“பகிடி இல்லை!” என்று கத்தினேன். “என்ரை பிள்ளையளாணை, நான் கண்டனான்!”

“மனேச்சருக்கு எங்கை பிள்ளையள்?”

எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அந்த அவசரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. சனத்துக்கு மறக்கவில்லை. பிறகு அடக்க முடியவில்லை. முற்றம் முழுக்கச் சிரித்தது. ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். பறை அடிக்கிறவர் முகத்தை மறுபக்கம் திருப்பினார். என் எழுத்துக்கோ பேச்சுக்கோ இவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பிரேதம் வாசல் படலை தாண்டியபோது பெண்கள் படலையோடு நின்றார்கள். எல்லாரும் திரும்பிய பிறகு அந்த அம்மா மட்டும் வந்து, மஞ்சள் கயிற்றைத் தானே அவிழ்த்து, வேலிக் கதியாலில் கொளுவிவிட்டு உள்ளே போனார். அவிழ்த்துவிட ஒருவரும் முன்வரவில்லை. நான் ஒழுங்கை முடக்கில் சைக்கிளோடு நின்று பார்த்தேன். நின்று பார்ப்பது எனக்கு நன்றாக வரும்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த மறுநாள் அவரைப் போகச் சொன்னார்கள். ஒரு துணிப்பையோடு என் கடை வாசலால் நடந்து போனார். நான் தராசுக்குப் பின்னால் குனிந்தேன். தராசு மறைக்கக்கூடிய உடம்பு இல்லை என்னுடையது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பகிடி எழுதவில்லை. பத்திரிகைக்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். மண்ணெண்ணெய் இல்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் வருகிறதென்று எங்கள் பக்கம் முழுக்க ஒரே நாளில் எழும்பிச் சாவகச்சேரிக்கு நடந்தது. மழை. ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழே பெரிய பெறாமகனின் குடும்பம் தறப்பாள் கட்டியிருந்ததைக் கண்டேன். அவரும் கண்டார். கல்வீட்டின் சாவிக் கோர்வை இடுப்பில் தொங்கியது. 

அதே பள்ளிக்கூடத்தின் பின் விறாந்தையில், கூரைப் பீலியால் ஊற்றிய மழைத் தண்ணீரில் அந்த அம்மா ஒரு பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். வடமராட்சிக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அங்கே ஓடாவியார் வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை, மருதனாமடத்தில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டு இருந்தேன் என்றார். எந்தப் பேரைச் சொல்லித் துரத்தினார்களோ, கடைசியில் அந்த வேலைதான்.

இந்த முறை தராசு இல்லை. முழுவதையும் சொன்னேன். பெட்டிக்காரர், வண்டில்காரர், பத்து நாள் எரித்த கட்டை, சிவப்புத் துணி. வீட்டை விட்டு வரும்போது என் பைக்குள் என்ன போட்டேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள்: உடுக்க இரண்டு சாரம், ஒரு சிரட்டை, அந்த ஜாம் போத்தல். வால்வைப் பிடுங்கி, சதத்தை எடுத்து அவருடைய ஈரக் கையில் வைத்தேன்.

“இதுதான் இருந்ததோ?”

“ஓம் அம்மா. இதுதான்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம். “ஓட்டை ஆர் போட்டது?”

“நான்தான். திரி விட.”

பீலித் தண்ணீரில் அதைக் கழுவினார். கரி போகவில்லை. பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. என் கையை விரித்து, சதத்தை உள்ளே வைத்து, விரல்களைத் தானே மடித்துவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“அம்மா,” என்றேன். “இதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். தாலி இருந்தது எண்டுதான் சாகுமட்டும் சொல்லுவன். ஆர் சிரிச்சாலும் சொல்லுவன்.”

அவர் பானைத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார்.

“அதையும் எழுதும்.”